தள்ள முடியாத வண்டி

செப்டம்பர் 4

அப்பா கோழை. முப்பது வருஷத்துக்கு மேல் தலையாரி வேலை பார்த்திருக்கிறார், ஒரு நாள்கூட மேலத்தெருவுக்குள் வண்டியில் உட்கார்ந்து போனதில்லை. தெரு தொடங்கும் இடத்தில் டிவிஎஸ்ஸை அணைப்பார், இறங்குவார், கடைசி வீடு வரை தள்ளிக்கொண்டு போவார், பிறகு ஏறி மிதிப்பார். எங்கள் காலனியில் எல்லோரும் அப்படித்தான். இந்த விதியை எவனும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போடலாம்.

கத்தாரிலிருந்து வந்த பிறகு இன்றுதான் முதல்முறையாக அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். தெரு வந்ததும் அப்பா இறங்கினார். என்னைப் பார்த்தார். பின்னால் ஒருவன் உட்கார்ந்திருந்தால் எப்படித் தள்ளுவது? நானும் இறங்கினேன்.

என் வயசுக்காரன் ஒருவன் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றான். "அய்யாவு, பட்டா மாத்தச் சொன்னது என்னாச்சு?" என்றான், வாயில் நுரையோடு. அப்பாவுக்கு வயது அறுபது. "நாளைக்கு வந்துரும்யா" என்றார் அப்பா.

செப்டம்பர் 7

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. சைக்கிளைத் தள்ளலாம். மொபெட்டைத் தள்ளலாம். என் கூட்டாளி சோணையின் லோடு ஆட்டோவைக்கூட இரண்டு பேர் தள்ளிவிடலாம். அவன் சரக்கை மெயின் ரோட்டில் இறக்கித் தலையில் சுமந்து வருகிறான் என்பது வேறு கதை. காலனியில் இதுவரை எவனும் கார் வாங்கியதில்லை. அதனால் காருக்கு என்ன செய்வது என்று மேலத்தெருக்காரர்களும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். 'இறங்கித் தள்ளு' என்று சொல்ல வாய் வராத அளவுக்கு ஒரு வண்டி வேண்டும். இரண்டரை டன்.

சோணையிடம் சொன்னேன்.

"அது சரி மாப்ள. நடுத்தெருவுல நின்டுபோச்சுன்னா?"

"நிக்காது."

"பழைய வண்டிங்கிற. பணக்காரன் ஓட்டித் தீத்துட்டுக் கழிச்சதுங்கிற. நின்டுபோச்சுன்னா யாரு தள்ளுவா? அவிங்களா வந்து தள்ளுவாய்ங்க?"

அவனுக்கு எதிலும் ஓட்டைதான் தெரியும்.

நவம்பர் முப்பது அப்பாவுக்கு வேலையில் கடைசி நாள். தாலுகா ஆபீஸில் ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, ஜீப்பில் ஏற்றி வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுவது வழக்கம். போன வருஷம் பக்கத்து ஊர்த் தலையாரி ரிட்டயர் ஆனபோது ஜீப் அவரை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. உள்ளே ரோடு சரியில்லையாம். அந்த ஆள் மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். அவரும் நம்ம ஆள்தான்.

என் அப்பா என் வண்டியில், மாலையோடு, முன்சீட்டில், மேலத்தெரு வழியாக வருவார். அதற்குத்தான் வாங்குகிறேன்.

செப்டம்பர் 19, சென்னை

பார்த்துவிட்டேன். தோஹாவில் நான் ஐந்து வருஷம் ஓட்டியதும் இதே வகைதான், ஆனால் புதுசு, முதலாளியுடையது. அதில் நான் உட்காரலாம், சாய்ந்து உட்காரக்கூடாது. இது பன்னிரண்டு வருஷப் பழசு. கரும்பச்சை. தோல் சீட்டில் வெடிப்பு. மேல் கண்ணாடிக் கூரை திறக்காமல் இருக்கப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். முதலில் ஒரு கல்லூரி முதலாளி வைத்திருந்தாராம். பிள்ளைகளிடம் பிடுங்கிய காசில் வாங்கியது என்று நினைத்தபடி ஸ்டீயரிங்கைத் தொட்டேன்.

புரோக்கர், "ராஜா வண்டி சார். ரோட்ல போனா தானா வழி விடுவாங்க" என்றான்.

நான் கூட்டிப்போன மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தான். "வாங்காதீங்க ப்ரோ. ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. வயசானா கசியும். ஒண்ணு போனா இன்னொண்ணு போவும். இத வாங்கினவன் ரெண்டு தடவ சந்தோஷப்படுவான். வாங்கறப்ப ஒருதடவ, விக்கறப்ப ஒருதடவ."

இணையத்திலும் எல்லோரும் இதையேதான் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்தவர்கள் இல்லை.

முன்பணம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 21

மீதிப் பணத்தையும் கட்டி நேற்று ஊருக்குக் கொண்டுவந்தேன். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பினால் நேரே மேலத்தெரு, அதைத் தாண்டிக் காலனி. இடதுபக்கம் பிரிந்தால் கண்மாய்க் கரை; சுற்றுவழி, மேடும் பள்ளமும், டிராக்டர்கூட மழைக்காலத்தில் தயங்கும். நான் கரை வழியாக வந்தேன். சென்னையிலிருந்து ஒரே மூச்சாக ஓட்டிய களைப்பு, தெருவில் நாய்கள் வேறு குறுக்கே வரும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. ஒரு இடத்தில் முன்சக்கரம் இறங்கியது. பொத்தானை அமுக்கினேன், வண்டி தன்னை உயர்த்திக்கொண்டு ஏறியது. இந்தக் கரையில் இதுவரை எந்தக் காரும் வந்ததில்லை என்று சோணையே ஒப்புக்கொண்டான்.

காலனி முழுக்கக் கூடிவிட்டது. போட்டோ எடுத்தார்கள். அம்மா மட்டும், "இந்தக் காசுல மேல ஒரு ரூம்பு எடுத்துருக்கலாம்" என்றாள். பிறகு அவளே எலுமிச்சம்பழம் வைத்தாள்.

அப்பா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். நிலத்தை அளக்கப் போகிறவர் மாதிரி. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"உள்ள உக்காந்துருக்க ஆளு வெளிய தெரியுமா?"

"கண்ணாடி கறுப்புப்பா. இறக்கினா தெரியும்."

"அப்ப இறக்கியே வையி" என்றார்.

செப்டம்பர் 22

காலையில் பார்த்தால் வண்டி பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கிறது, சினை மாடு படுத்த மாதிரி. ஸ்டார்ட் செய்ததும் மெதுவாக எழுந்தது. காலனிப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

செப்டம்பர் 26, மதுரை

ஜபருல்லா பாய் ஒர்க் ஷாப். பெரிய வண்டிகளை இங்கே இவரிடம்தான் கொண்டுவருகிறார்கள். பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். இரண்டில் பேச்சுதான் அதிகம்.

"ரெண்டு பையும் போச்சு தம்பி. வெளியூர்லருந்து வரணும். ஒரு மாசம் ஆவும். ஓட்டலாம், ஒண்ணும் ஆவாது. நிறுத்துனாத்தான் உக்காரும், ஓடுறப்ப உக்காராது."

"நடுவழியில நின்னுருமா?"

"ஓடுறது எதுக்குத் தம்பி நிக்கப்போவுது? எங்க போறதுக்கு இம்புட்டுக் கேக்குறீங்க, இமயமலைக்கா?"

மேலத்தெரு நீளம் இவருடைய ஒர்க் ஷாப்பைப் போல நான்கு மடங்கு இருக்கும். அதைச் சொல்லவில்லை. பை மாற்றும் வரை தெரு வழியாகப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அரைகுறையாகச் செய்யக்கூடாது.

அக்டோபர் 3

டீசல் போடப் போனேன். பங்கில் மேலத்தெரு தனபால் நின்றிருந்தான். யூனியன் சேர்மனுக்குத் தம்பி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வண்டி, எல்லா ஊரிலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒருத்தன் இருப்பானே, அவன்.

என் வண்டியில் டீசல் மூடி உள்ளிருந்தே பொத்தானில் திறக்கும். ஆனாலும் இறங்கி நின்றேன். மூடும்போது சிந்திவிடுவார்கள்.

"அய்யாவு மகன்தான நீயி?"

"ஆமாங்க."

"பெரிய வண்டியால்ல இருக்கு. நாலு வீலும் இழுக்குமோ?"

"இழுக்கும்."

"ஊருக்குள்ள எங்கிட்டுக் கொண்டு போற?"

"கரை வழியா."

"அதான் சரி. இந்த வண்டிக்கின்னே செஞ்ச ரோடுல்ல அது." என் தோளில் தட்டினான். "ரிப்பேரு கிப்பேருன்னா சொல்லு, நம்ம டிராக்டர் இருக்கு, கட்டி இழுத்துறலாம்."

பங்க் பையன்கள் சிரித்தார்கள். நான் நிதானமாகத்தான் பேசினேன். பொது இடத்தில் சண்டை போடுவதற்கு நான் வண்டி வாங்கவில்லை.

அக்டோபர் 4

வண்டியைக் கழுவினேன். இரண்டு தடவை.

அக்டோபர் 13

சோணையோடு சண்டை. கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்பா தூரத்தில் தெருவுக்குள்ளிருந்து டிவிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். என் வண்டி வீட்டில் நிற்க, அவர் இன்னும் அதைத்தான் தள்ளுகிறார். ஆபீஸுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "கரையச் சுத்திப் போனா நேரமாயிரும்" என்கிறார்.

"இப்படி ஒரு ஆளை நீ பார்த்திருக்கியா? மனுஷனுக்குக் கோபமே வராதா?" என்றேன்.

சோணை ஒரு கல்லை எடுத்துக் கண்மாய்க்குள் விட்டெறிந்தான். பிறகு கேட்டான். "ராசகுரு கேசு ஒனக்குத் தெரியுமா?"

தெரியும். போன வருஷம் தெருவில் பைக்கை விட்டு இறங்காமல் போனவனை அடித்து, விலா எலும்பை உடைத்தார்கள். கத்தாரில் என் போனுக்கு வீடியோ வந்தது. நான் அதைப் பலருக்கு அனுப்பினேன், கீழே எழுதவும் செய்தேன்.

"காலனில எல்லாரும் பாக்கலைன்னுதான் சொன்னோம். நானும் பாக்கலைன்னுதான் சொன்னேன், இந்தா இந்தக் கண்ணால பாத்துட்டு. ஒங்கப்பா ஒத்த ஆளுதான் ஸ்டேஷன்ல போயி, பாத்தேன், இன்னின்னாரு அடிச்சாகன்னு பேரு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. அதுக்குத்தான அவரத் தூரத்து ஊருக்கு மாத்திவிட்டாய்ங்க."

அப்போதெல்லாம் போனில் அவர், மழை இல்லை, ஆட்டுக்குட்டி ரெண்டு போட்டிருக்கிறது என்றுதான் சொன்னார்.

"சாட்சி சொல்லிட்டு மறுநாள் தள்ளிக்கிட்டுத்தானே போனாரு?" என்றேன்.

"மறுநாளா? ஸ்டேஷனுக்கே தள்ளிக்கிட்டுத்தான் போனாரு. போறப்பவும் தள்ளுனாரு, வாறப்பவும் தள்ளுனாரு. பூராப் பேரும் வாசல்ல நின்டு பாத்துக்கிருந்தாய்ங்க. நீ எத்தன தடவ அந்தத் தெருவுக்குள்ள போயிருக்க, வண்டி வாங்குனதுலருந்து?"

சஸ்பென்ஷன் பை இன்னும் வரவில்லை என்று சொன்னேன். அவனுக்குப் புரியாது. லோடு ஆட்டோவில் பை கிடையாது.

அக்டோபர் 28

பை வந்தது, மாட்டியாகிவிட்டது. அம்மாவுக்கு வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுக்க முடியவில்லை. பாய் வண்டியை மூன்று நாள் நிறுத்திவைத்துக் காட்டினார். அரை அங்குலம்கூட இறங்கவில்லை.

"இனி நீங்க உக்காருன்னாலும் உக்காராது" என்றார்.

மதுரையிலிருந்து வரும்போது நல்ல மழை. கரை வழியாக வந்தேன். சேற்றில் வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

நவம்பர் 5

முன்பக்கம் ஒரு சத்தம் வருகிறது. மெதுவாகப் போகும்போது, கட் கட் என்று. சோணையை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினேன்.

"எனக்குக் கேக்கலையே மாப்ள."

"ஏசியை நிறுத்து. இப்ப கேளு."

"கேக்கல."

இரைச்சலான வண்டி ஓட்டி ஓட்டி அவன் காது போய்விட்டது.

நவம்பர் 10, மதுரை

பாய் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றினார். "வண்டில ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். கூலி வாங்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தெரியாத வேலைக்குத்தான் இவர்கள் கூலி வாங்க மாட்டார்கள்.

வேறு ஒர்க் ஷாப் விசாரித்தேன். கோயம்புத்தூரில் ஒன்று இருக்கிறதாம், டிசம்பரில்தான் நேரம் கொடுக்கிறான்.

நவம்பர் 16

அம்மாவைச் சந்தைக்குக் கூட்டிப்போய் வந்தேன். பின்சீட்டில் அரிசி மூட்டை, பக்கத்தில் அம்மா, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. கரையில் வண்டி ஆடிய ஆட்டத்தில் தக்காளி எல்லாம் உருண்டுவிட்டது. பொறுக்கிக்கொண்டே, "தார் ரோடு ஒண்ணு இருக்குல்லப்பா?" என்றாள்.

"மழை விடட்டும்மா."

"மழ பேஞ்சா மண் ரோட்டுலயும், மழ விட்டாத் தார் ரோட்டுலயுமா போவாக?"

அவளுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நவம்பர் 22

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டிலிருந்து நிமிராமல் கேட்டார்.

"முப்பதாந் தேதி கூப்பிட வந்துருவேல்ல?"

"வந்துருவேன்பா."

"ஜீப்பு வேணாம்னு ஆர்ஐ கிட்டச் சொல்லிட்டேன். மகன் வண்டி வருதுன்னேன். பூராப் பேருக்கும் சந்தோசம்."

என்னைக் கேட்காமல் எதற்காகச் சொன்னார்? முப்பது வருஷமாக எதையும் வேண்டாம் என்று சொல்லாதவர், இதை மட்டும் ஏன் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்?

நவம்பர் 25

இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, அதற்கு ஒரு எண் இருக்கிறது, அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுக்கப் போனால் ஏட்டு உட்காரச் சொல்வதில்லை. பட்டணத்துக்காரன் எவனிடமாவது இந்தத் தெருவைப் பற்றிச் சொன்னால், "இன்னுமா?" என்று கேட்கிறான். அந்த 'இன்னுமா'வைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒரு கிழவனை அவன் வீட்டுக்கு அவன் மகன் காரில் கூட்டிப்போவது ஒரு செய்தியாக இருக்க வேண்டிய ஊரில் பிறந்தது என் தப்பா? போலீஸ் செய்ய வேண்டியதை, கோட்டாட்சியர் செய்ய வேண்டியதை, ஒரு பழைய வண்டியும் நானும் செய்ய வேண்டுமாம்.

சத்தம் அதிகமாகியிருக்கிறது.

நவம்பர் 27

அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னேன். விழா முடிந்ததும் நேராக அழகர்கோவில் போகலாம், சாமி கும்பிட்டுவிட்டு, வெளியே சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் அடங்கிய பிறகு நிதானமாக வரலாம்.

"அடங்குன பெறகு என்னாத்துக்கு வரணும்?" என்றார்.

விட்டுவிட்டேன். யோசனைதானே.

நவம்பர் 30

அப்பாவின் சட்டை, வேட்டி, பொன்னாடை எல்லாம் நனைந்துவிட்டன. அம்மா பிழிந்து கொடியில் போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை வந்து, "கார்ல வந்த மனுசன் எதுக்கு மழையில மேலத்தெரு வழியா நடந்து வந்தாரு?" என்று கேட்டாள். அம்மா, "ஒனக்குக் காப்பி போடட்டா?" என்றாள். அப்பா நார்க்கட்டிலில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். நான் வண்டியைக் கரையோரம் நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

விழா நன்றாகவே நடந்தது. தாசில்தார் ஐந்து நிமிஷம் பேசினார், அப்பா பேரை ஒருமுறை தப்பாகச் சொன்னார். மாலை பெரியது, ரோஜாவும் சம்பங்கியும். வாசலில் வண்டியைப் பார்த்ததும் ஆபீஸே வெளியே வந்துவிட்டது. விஏஓ, அப்பாவுக்குக் கதவைத் திறந்துவிட்டார். வாழ்க்கையில் முதல்முறை ஒரு அதிகாரி என் அப்பாவுக்குக் கதவு திறந்ததைப் பார்த்தேன். அம்மா பின்சீட்டில் அழுதாள்.

வழியெல்லாம் அப்பா பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. எந்த வயல் யாருடையது, எந்தக் கிணற்றில் எந்த வருஷம் தண்ணீர் வற்றியது, எல்லைக்கல் எங்கே நகர்ந்தது. மாலையைக் கழற்றச் சொன்னேன், கழுத்து அரிக்கும் என்று. "இருக்கட்டும்" என்றார்.

மெயின் ரோட்டிலிருந்து திரும்பினோம். மழை வலுத்திருந்தது. பஸ் நிழற்குடையில் ஆறேழு பேர் ஒதுங்கி நின்றார்கள். மேலத்தெரு ஆட்கள். தனபால் இருந்தானா என்று நான் கவனிக்கவில்லை. என் கை இடதுபக்கம் திருப்பியது, பழக்கம்.

"எங்கிட்டுப் போற?"

"கரை வழியாப்பா."

"கரையில எதுக்கு? கம்மா நெறஞ்சு மறுகால் ஓடும் இந்நேரம். தெரு வழியாப் போ."

வண்டியை நிறுத்தினேன். முன்பக்கம் சத்தம் கேட்கிறது என்று சொன்னேன். ரொம்ப நாளாகவே கேட்கிறது, பாய்க்குப் பிடிபடவில்லை, நடுத்தெருவில் நின்றுவிட்டால் அசிங்கம், இறங்கிப் பார்த்துவிட்டு எடுக்கிறேன் என்று சொன்னேன். அணைத்தேன். ஆனால் இறங்கவில்லை, மழை.

நிழற்குடையில் ஒருவன் பீடியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் வந்து குனிந்து பார்த்தான். பிறகு இன்னொருவன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கைகாட்டவில்லை. மறிக்கவில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும், யாரும் மறிக்கவில்லை. வைப்பர் பாதியில் நின்றிருந்தது. தெரு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கரைந்து கரைந்து தெரிந்தது.

அப்பா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். உண்மையாகவே கேட்டார், எங்காவது ஒரு சத்தம் இருக்கிறதா என்று.

"ஒண்ணுங் கேக்கலையேப்பா."

"ஓடும்போதுதான் கேட்கும்."

"அப்ப ஓட்டு. நானுங் கேக்குறேன்."

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன். பின்னால் அம்மா, "அவன வையாதீக" என்றாள். அப்பா வையவில்லை. மாலையை இரண்டு கையாலும் நேர்செய்துகொண்டு, சீட்டில் முதுகை நன்றாகச் சாய்த்து, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். "எடு."

மழை கூரையில் அடித்தது.

"எடுப்பா, மதி."